மணல் எங்கேருந்து வருதுன்னு கேட்டியே

அன்பு மச்சான்,

வீட்ல எல்லாரும் சுகமா? இங்க அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான், சின்னவன் ஓ லெவல் எழுதுறான், கங்காணி வீட்டு பெரிசு கல்யாணத்துக்கு சம்மதிச்சிருச்சு, நீ பந்தயத்துல தோத்துட்ட, காசை ரெடி பண்ணு.

வடமராட்சி மணற்காட்டுல பாதி புதைஞ்சு கெடக்குற பழைய கோயிலை போட்டோ எடுத்து அனுப்பி, இம்புட்டு மணல் எங்கேருந்துடா வந்துச்சுன்னு கேட்டிருந்த. பதில் போடலன்னு கோவிச்சுக்காத, ஒரு வரில முடியிற விசயமில்ல அது.

மழை விட்டதும் நம்ம தேயிலை மலை கான்ல, அதான் தண்ணி ஓடுற வாய்க்கால்ல, பாத்திருப்ப, செம்மண்ணு கலங்கி ஓடிப்போயிரும், தண்ணி வேகம் கொறையிற வளைவுல மட்டும் நறநறன்னு மணல் தங்கும். பாறைக்குள்ள இருக்குற ஃபெல்ட்ஸ்பார்ங்குற கனிமம் மழையிலயே உக்கி களிமண்ணாயிரும், குவார்ட்ஸ்ங்குற இன்னொரு கனிமம் லேசுல உக்காது, மணி மணியா கழண்டு ஆத்துக்கு வந்துரும். மகாவலில 335 கிலோமீட்டர் நீளத்துக்கு உருண்டு உங்க மூதூர்ப் பக்கம் கொட்டியாரக் குடாவுல போய் சேரணும்.

கரைக்கு வந்தப்புறம் காத்தோட வேலை. தூசிதான் பறக்கும் மச்சான், மணல் தத்தித் தத்தித்தான் போகும், ஒரு மணி விழுந்து இன்னொண்ணை எழுப்பி விடும், செடியோ செவரோ மறிச்சா அங்கயே குமியும். காத்துப் படாத பக்கத்துச் சரிவு 34 டிகிரி கிட்ட வந்ததும் பொலபொலன்னு சரிஞ்சுரும், மறுபடி மேல ஏறும், மறுபடி சரியும், மேடே இப்படித்தான் நகருது.

அதுக்கு மேல சேறும் மணலும் வந்து அமுக்கி, உள்ள ஊறுற தண்ணில கரைஞ்ச சுண்ணாம்போ சிலிக்காவோ மணிகளுக்கு நடுவுல படிஞ்சு ஒட்டிக்கிட்டா மணற்கல்லு. இப்ப கேளு, நான் சொல்லத் துடிக்கிறதே இதுதான். நம்ம மலைநாட்டுல வெள்ளையா வரி வரியா ஓடுற குவார்ட்ஸைட் ஒரு காலத்துல மணல்டா! மாத்தளைப் பக்கத்து மார்பிள் சுண்ணாம்புக்கல்லா இருந்தது. ஏறக்குறைய 55 கோடி வருசத்துக்கு முந்தி கண்டங்கள் மோதி கோண்ட்வானாங்குற பெருங்கண்டமா சேந்தப்ப, 20, 30 கிலோமீட்டர் ஆழத்துல வெந்து இறுகி இப்படி ஆயிருச்சு. அந்த குவார்ட்ஸைட்தான் இப்ப திரும்ப மணலா உதிருது, உங்க கடலுக்குப் போக.

ஆனா போறதில்லயே மச்சான், அதான் மனசு கேக்கல. பொல்கொல்லை, விக்டோரியா, ரந்தெனிகலன்னு மகாவலி அணைகள்ல தண்ணி எங்க நிக்குதோ அங்கயே மணலும் படுத்துருது. கரண்டும் வயலும் வேணும், ஒத்துக்கிறேன். மிச்சத்தையும் டிராக்டர்ல அள்ளுறாங்க, கரை இடிஞ்சு விழுது, கேக்க ஆளில்ல. வீடு கட்ட மணல் வேணும்தான், அதுக்காக ஆத்தோட அடிவயித்தையே தோண்டணுமா? மேல மறிச்சு நடுவுல அள்ளுனா உங்க கரையை அலை அரிக்கிறப்ப எதை வச்சு நிரப்பும்? நீ அங்கயே இருக்குறவன், கரை உள்ள வந்திருக்கான்னு பழைய மீன்பிடி ஆளுங்கள்ட்ட விசாரிச்சு எழுது.

பொங்கலுக்கு வர்றப்ப ஒரு பை கடல் மணல் கொண்டு வா, கான் மணலோட வச்சு லென்ஸ்ல பாப்போம். மணி கருப்பா இருந்தா பெரும்பாலும் இல்மனைட்ங்குற கனிமம், செவப்பா இருந்தா கார்னட்ங்குற கனிமம். பந்தயக் காசும் மறக்காத.

உன் மச்சான்