ஐ.சி. தொலைத்த மகளுக்கு

அன்பு மகளுக்கு,

பேர்ஸோடு ஐ.சி.யும் (அடையாள அட்டையும்) போனதை நினைத்து மூளையைக் குழப்பாதே. பாங்குக்குப் போன் பண்ணிக் கார்ட்டை நிற்பாட்டிவிட்டாயா? இல்லையென்றால் இந்தக் கடிதத்தை வைத்துவிட்டு முதலில் அதைச் செய். ஐ.சி.க்கு நாளைக்கும் நேரம் இருக்கு.

அடுத்தது பொலிஸ். தொலைந்த இடம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, கிட்ட இருக்கிற நிலையத்தில் முறைப்பாடு போடலாம். போகமுன்னம் ஒரு தாளில் முழுப்பெயர், ஐ.சி. நம்பர், விலாசம், கடைசியாகக் கண்ட நாள் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு போ. வாயால் சொன்னால் இலக்கம் மாறி எழுதப்படும். கொழும்பில் பெரும்பாலும் சிங்களத்தில்தான் எழுதுவார்கள். தமிழில் எழுதித் தரச்சொல்லிக் கேட்க உனக்கு உரிமை இருக்கு, கேள். எந்த மொழியில் தந்தாலும் கையெழுத்து வைக்கமுன்னம் நம்பரை விரல் வைத்து ஒவ்வொன்றாகப் பார். அந்த முறைப்பாட்டுப் பிரதியில் நம்பர் பிழைத்தால் விண்ணப்பத்தோடு ஒத்துவராது. திரும்பவும் பொலிசுக்கு ஓடவேண்டி வரும்.

நம்பர் மனப்பாடம் இல்லை என்றாய். பாஸ்போர்ட்டில் இருக்கு, பார். பாதியை நீயே கணக்குப் போட்டும் எடுக்கலாம். நீ பிறந்தது 1998 ஆகஸ்ட் 14. முதல் இரண்டு இலக்கம் 98. அடுத்த மூன்றும் வருடத்தில் எத்தனையாவது நாள் என்பது. பெண்பிள்ளைகளுக்கு அதோடு 500 கூட்டுவார்கள். கலண்டரில் எண்ணினால் ஆகஸ்ட் 14 என்பது 226ஆவது நாள். ஆனால் ஐ.சி.க் கணக்கில் எந்த வருடமானாலும் பெப்ரவரிக்கு 29 நாள். அதனால் 227, 500ஐக் கூட்டினால் 727. ஆக, உன்னுடைய நம்பர் 98727 என்றுதான் தொடங்கும். பெப்ரவரிக்குப் பிறகு பிறந்த ஆட்கள் எண்ணிப் பார்த்துவிட்டு "ஒரு நாள் பிழைச்சுப் போச்சு" என்று பதறுவது இதால்தான். பிறகு வருவது மூன்று இலக்க வரிசை எண், ஒரு சரிபார்ப்பு இலக்கம், கடைசியில் வி என்ற ஆங்கில எழுத்து. சிலருக்கு வி இருக்கிற இடத்தில் எக்ஸ் இருக்கும்.

2016 தொடக்கத்திலிருந்து 12 இலக்கம் வந்தது. உன்னுடைய பழைய நம்பரை அப்படி மாற்றுவது சுகம்: முன்னால் 19 போடு, பழைய நம்பரின் ஐந்தாவது இலக்கத்துக்குப் பிறகு ஒரு பூச்சியம் சேர், வியை எடுத்துவிடு. 98727 என்பது 1998 727 0 என்று வரும், மிச்ச நான்கும் அப்படியே. இரண்டும் ஒரே ஆளின் நம்பர்தான். வேலையிடத்தில் ஈ.பி.எப்.க்கு (ஊழியர் சேமலாப நிதிக்கு) எந்த வடிவத்தில் கொடுத்திருக்கிறாய் என்று மட்டும் கேட்டு வை.

இனி எங்கே விண்ணப்பிப்பது. கொழும்பு விலாசத்தில் போடலாமோ என்று கேட்டாய். என்னைக் கேட்டால், வேண்டாம். உன்னுடைய பெயர் வாக்காளர் இடாப்பில் இருப்பது இங்கே ஊரில்தான். நீ அறை எடுத்திருக்கிற பகுதி ஜீ.எஸ்.க்கு (கிராம அலுவலருக்கு) உன்னைத் தெரியாது. வீட்டுக்காரரிடம் கடிதம், அவருடைய இடாப்புப் பிரதி என்று இழுபடும். இரண்டு நாள் லீவு போட்டு இங்கே வா. எங்கள் ஜீ.எஸ். எல்லா நாளும் ஒபிசில் இருக்கமாட்டார், வெளிவேலைக்குப் போய்விடுவார். பஸ் ஏறமுன்னம் கேட்டுத் தெரிந்துகொள்ளவேணும்.

வரும்போது பொலிஸ் பிரதியின் மூலத்தைக் கொண்டுவா, போட்டோக்கொப்பி ஆகாது. பிறப்புச் சான்றிதழ் இங்கே அலுமாரியில் இருக்கு. படத்தைக் கண்ட இடத்தில் எடுக்காதே. ஐ.சி. கொடுக்கிற ஆட்பதிவுத் திணைக்களம் அங்கீகரித்த ஸ்ரூடியோவில்தான் எடுக்கவேணும். அவர்கள் படத்தைக் கணினியில் நேரே திணைக்களத்துக்கு அனுப்பிவிட்டு உன் கையில் ஒரு ரிசீற் தருவார்கள். அந்த ரிசீற்தான் விண்ணப்பத்தோடு போகும். அதையும் பேர்ஸுக்குள் வைத்துத் தொலைக்காதே!

விண்ணப்பப் படிவத்தை ஜீ.எஸ்.இடமே வாங்கலாம். நிரப்பும்போதுதான் எல்லோரும் அவசரப்படுகிறார்கள், அங்கேதான் ஆறுதலாக இருக்கவேணும். வெட்டி எழுதாதே, வெள்ளை மை பூசாதே. பிழைத்தால் புதுப் படிவம் எடு. பெயரைப் பிறப்புச் சான்றிதழில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து எழுது. ஆங்கிலத்தில் எழுதும்போது பாஸ்போர்ட்டைத் திறந்து பக்கத்தில் வை. எங்களுடைய பெயர்களில் 'த'வுக்கு ஒருவர் எச் போடுவார், ஒருவர் போடமாட்டார். 'ச'வுக்கு ஒரு இடத்தில் எஸ், இன்னொரு இடத்தில் சி எச். ஒரு எச் கூடினால் பாங்கில் ஒரு ஆள், பாஸ்போர்ட்டில் இன்னொரு ஆள். பிறகு இரண்டு பெயரும் ஒருவரே என்று சத்தியக்கடதாசி முடித்துக்கொண்டு திரியவேணும். அப்பாவின் பெயர் எங்கே, உன்னுடைய பெயர் எங்கே என்பதையும் கவனி. இடம் மாறினால் அட்டையில் அப்பாவின் பெயரே உன் பெயராக வந்துவிடும்.

ஜீ.எஸ். கையெழுத்து வைத்து முத்திரை குத்தியதும் பிரதேச செயலகத்தில் அடையாள அட்டைப் பிரிவுக்குக் கொண்டுபோ. அங்கே இரண்டு வழி. சாதாரண சேவை என்றால் அங்கேயே கொடுத்துவிட்டு வரலாம், ஆனால் காத்திருக்கவேணும். அவசரம் என்றால் உறுதிப்படுத்திய விண்ணப்பத்தைக் கையில் வாங்கிக்கொண்டு, பத்தரமுல்லை சுகுருபாயவில் ஒருநாள் சேவைக்குக் கொடு. அதற்குக் கட்டணம் கூட. தொலைத்த ஆளுக்குக் கட்டணம் முதல்தரம் எடுக்கிறவரை விடவும் கூட, அதைத் தண்டனை என்று எடுத்துக்கொள். நீ கொழும்பில் இருப்பதால் ஒருநாள் சேவைதான் புத்தி. விடியவே போ, பொலிஸ் பிரதி, பிறப்புச் சான்றிதழ், ரிசீற் மூன்றும் ஒரு பைலில் இருக்கட்டும்.

அதுவரை பாஸ்போர்ட்டை வைத்துச் சமாளி. பழைய அட்டை பிறகு அகப்பட்டால் ஒளித்து வைக்காதே, திணைக்களத்துக்கே திருப்பிக் கொடு. ஒரு ஆளிடம் இரண்டு அட்டை இருக்கக்கூடாது.

தம்பிக்கும் வரும் மாதம் 15 முடியுது. ஐ.சி. எடுக்கிற வயது முந்தி 16 என்றிருந்ததை இப்போது 15 ஆக்கிவிட்டார்கள். அவனுக்கு ஜீ.எஸ்.இடம் போகத் தேவையில்லை, பள்ளிக்கூடத்தில் அதிபரே உறுதிப்படுத்தி அனுப்புவார். ஓ.எல். (சாதாரணதரச்) சோதனை கிட்ட வந்தபிறகு ஓடாமல் இப்பவே கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். நீ வரும்போது அவனுடைய படிவத்தில் ஆங்கிலப் பெயரை ஒருக்கால் பார்த்துவிடு. பள்ளிக்கூட இடாப்பில் ஒரு மாதிரியும் பிறப்புச் சான்றிதழில் ஒரு மாதிரியும் கிடக்கு. சான்றிதழில் உள்ளதையே எழுதச் சொல்.

புது அட்டை கையில் கிடைத்ததும் கவுண்டரை விட்டு நகரமுன்னம் பெயர், பிறந்த திகதி, நம்பர் மூன்றையும் வாசித்துப் பார். பிழை இருந்தால் அந்த இடத்திலேயே சொல். பிறகு முன்பக்கம் பின்பக்கம் இரண்டையும் படம் எடுத்து எனக்கு அனுப்பு. ஆருக்காவது கொப்பி கொடுத்தால் என்ன தேவைக்கு என்று அதன் மேலேயே பேனையால் எழுதி, திகதியும் போட்டுக் கொடு.

வியாழன் பஸ் ஏறுவதென்றால் புதன் இரவே சொல், ஜீ.எஸ்.க்கு நான் போன் பண்ணிக் கேட்டு வைக்கிறேன்.

அன்புடன்,
அம்மா