செய்திருப்பேனா, செய்தாராமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் மொழிப் பக்கத்தில் வரும் பிரெஞ்சுப் பாடத்தை விடாமல் படிப்பவன் நான். சென்ற வாரம் 'ஃபேர்', அதாவது 'செய்' என்ற வினையை 'கோந்திசியொனெல் பாசே' காலத்தில், அதாவது நடக்காமல் போனதை 'செய்திருப்பேன்' என்று சொல்லும் வடிவத்தில் போட்டுக் காட்டியிருந்தீர்கள். நல்ல விஷயம்தான். ஆனால் அட்டவணை முழுவதையும் தமிழ் எழுத்தில் மட்டும் அச்சிட்டதால் அதை வைத்துக்கொண்டு யாரும் ஒரு வரிகூட எழுத முடியாது.

நான், நீ, அவன், நாம், நீங்கள், அவர்கள் என்ற வரிசையில் அது இப்படி: ழோரே ஃபே, த்யூ ஓரே ஃபே, இல் ஓரே ஃபே, நூ ஸோரியோன் ஃபே, வூ ஸோரியே ஃபே, இல் ஸோரே ஃபே. ஆறில் நான்கு 'ஓரே'. காதுக்கு அது சரி, பிரெஞ்சுக்காரர் வாயிலும் அப்படித்தான் வருகிறது. ஆனால் எழுதும்போது 'நான்', 'நீ' இரண்டுக்கும் கடைசியில் எஸ், 'அவன்' என்றால் டி, 'அவர்கள்' என்றால் ஈ-என்-டி. இந்த எழுத்துகள் ஒலிப்பதில்லை, அதனால் தமிழில் எழுதினால் காணாமல் போய்விடுகின்றன. 'அவன்', 'அவர்கள்' இரண்டையும் காதால் பிரித்துச் சொல்ல உதவுவது நடுவில் வரும் அந்த 'ஸ்' மட்டும்தான், அதுவும் நம் 'ஸ' அல்ல, தேனீ ரீங்காரம் போன்ற ஒலி. அதைப் பற்றிப் பாடத்தில் ஒரு வார்த்தை இல்லை. (இந்தக் கடிதத்தையும் வேண்டுமென்றே தமிழ் எழுத்திலேயே எழுதுகிறேன், படிக்கிறவர் படும் பாடு உங்களுக்கும் தெரியட்டும்.)

ஒரு எஸ் போனால் என்ன என்று கேட்கலாம். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். கற்க ஆரம்பித்த புதிதில் ஒருவருக்கு, 'நாளை மாலைக்குள் முடித்திருப்பேன்' என்று பிரெஞ்சில் எழுதி அனுப்பினேன். அங்கே வரவேண்டியது எதிர்காலம், எஸ் இல்லாத 'ஓரே'. நான் எஸ் போட்டுவிட்டேன். அதனால் வாக்கியம், 'முடித்திருப்பேன், ஆனால்...' என்று இழுக்கிற தொனிக்கு மாறிவிட்டது. பதிலாக வந்தது ஒரே ஒரு சொல்: 'மே?' அதாவது, 'ஆனால்?' தமிழில் இரண்டுக்கும் 'முடித்திருப்பேன்' என்றே சொல்லிப் பழகியவனுக்கு இந்தத் தப்பு வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

அப்புறம், தமிழில் 'செய்து' என்பதோடு 'இருப்பேன்' சேர்த்தால் வேலை முடிந்தது, எந்த வினைக்கும் அந்த ஒரே 'இரு'தான். பிரெஞ்சில் பெரும்பாலான வினைகளுக்கு உடைமையைச் சொல்லும் 'அவ்வார்' துணைக்கு வரும், போ, வா, பிற, இற என்று ஒரு சிறு கூட்டத்துக்கும் தன்மேல் தானே செய்துகொள்ளும் வினைகளுக்கும் 'இரு' என்று பொருள்படும் 'எத்ர்' வரும். 'நான் வந்திருப்பேன்' என்பது 'ழ ஸெரே வெந்யூ'. இதைப் பெண் எழுதினால் கடைசியில் ஒரு ஈ கூடும். நம் 'வந்திருப்பேன்' எழுதியது ஆணா பெண்ணா என்று காட்டிக்கொடுப்பதில்லை, அங்கே காட்டிக்கொடுத்துவிடும். வேடிக்கை என்னவென்றால் 'எத்ர்' என்ற வினைக்கே துணை 'அவ்வார்'தான், 'ழோரே எதே' என்றுதான் சொல்ல வேண்டும்.

'சி', அதாவது நம் 'தெரிந்திருந்தால்' என்பதில் உள்ள 'ஆல்', வரும் பாதியில் இந்தக் காலத்தைப் போடக்கூடாது என்று எழுதியிருந்தீர்கள், சரி. 'சி ழாவே ஸ்யூ, ழ லோரே ஃபே', தெரிந்திருந்தால் செய்திருப்பேன். அங்கே பள்ளிப் பிள்ளைகளுக்கு 'சி'க்கு 'ரே' ஆகாது என்று சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள். அதைச் சொல்லியிருந்தால் உங்கள் அரைப் பத்தி மிச்சமாகியிருக்கும்.

பாடத்தில் பாதி இடம் 'ழ்யூஸ் ஃபே' என்ற இரண்டாம் வடிவத்துக்குப் போயிருக்கிறது. அது பழைய இலக்கிய நடை, பேச்சில் யாரும் சொல்வதில்லை, பார்த்தால் அடையாளம் தெரிந்தால் போதும். அந்த இடத்தில் ஒரு செய்தித்தாள் கட்டாயம் சொல்லியிருக்க வேண்டியதை விட்டுவிட்டீர்கள். பிரெஞ்சுப் பத்திரிகைகள் உறுதியாகாத செய்தியை இதே காலத்தில்தான் எழுதுகின்றன. 'ல மினிஸ்த்ர் ஓரே தெமிசியொனே' என்று இருந்தால், 'அமைச்சர் பதவி விலகியிருப்பார்' என்று பொருள் அல்ல, 'பதவி விலகினாராம்' என்று பொருள். அங்கே 'சி'யும் இல்லை, நிபந்தனையும் இல்லை. நாங்கள் கேள்விப்பட்டோம், உத்தரவாதம் தரமாட்டோம் என்பதை வினை வடிவத்திலேயே வைத்துவிடுகிறார்கள். நம் 'ஆம்' விகுதி செய்யும் அதே வேலை. இந்த நுணுக்கம் தெரியாமல் மொழிபெயர்ப்பவர் 'விலகினார்' என்று முடித்துவிட்டால், அவர்கள் வதந்தி என்று கவனமாக எழுதியது நம் பக்கத்தில் உறுதிச் செய்தியாகிவிடும். உங்கள் நடையில் 'விலகியதாகக் கூறப்படுகிறது' என்று போட்டால் சரியாக இருக்கும்.

அடுத்த வாரம் அதே அட்டவணையைப் பிரெஞ்சு எழுத்தோடு சேர்த்து மறுபடி வெளியிடுங்கள். பயிற்சிக்கு 'தெவ்வார்' வினையை எடுக்கலாம். 'ழோரே த்யூ' என்றால் 'செய்திருக்க வேண்டும், செய்யாமல் விட்டேன்' என்று பொருள். மேலே சொன்ன அந்த 'மே?'வுக்கு நான் திருப்பி அனுப்பிய பதிலும் அதில்தான் தொடங்கியது. அந்த முறை எஸ்ஸைச் சரியாகப் போட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் வாசகன்