கிறிஸ்துமஸ் படம் முடிய இன்னும் 3,20,000 ரூபாய்: சபையாருக்கு அன்பின் வேண்டுகோள்

கிறிஸ்துவுக்குள் அன்பான சபையார் அனைவருக்கும், ஊரில் இருக்கிறவர்களுக்கும், சென்னை, மும்பை, பெங்களூர், வளைகுடா என்று பிழைக்கப் போன இடங்களில் இருக்கிறவர்களுக்கும் படக்குழுக் கமிட்டியின் ஸ்தோத்திரங்கள்.

நேரே விஷயத்துக்கு வருகிறோம். நம் ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்காக எடுத்துவரும் ஒன்பது நிமிடக் கிறிஸ்துமஸ் அனிமேஷன் படத்தில் ஆறு நிமிடம் முடிந்துவிட்டது. கடைசி மூன்று நிமிடம் வெறும் பென்சில் கோடாக நிற்கிறது. நவம்பர் 20-ஆம் தேதிக்குள் பாக்கியைக் கட்டினால்தான் டிசம்பர் 24 இரவுக்குப் படம் கைக்கு வரும். அந்தத் தேதி தப்பினால் ஸ்டூடியோவில் அடுத்த வேலையை எடுத்துக்கொள்வார்கள். பிறகு நமக்கு இடம் கிடைப்பது பிப்ரவரியில்தான். பிப்ரவரியில் கிறிஸ்துமஸ் படத்தை வைத்துக்கொண்டு யாருக்குக் காட்டுவது?

என்ன படம், என்ன கதை என்று இன்னும் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்காகச் சொல்கிறோம். தேரிக்காட்டு (செம்மணல் மேட்டு) ஓரத்தில் ஒரு பனையேறிக் குடும்பம். எட்டு வயது எஸ்தர், தாயில்லாத ஓர் ஆட்டுக்குட்டியைப் புட்டிப்பால் கொடுத்து வளர்க்கிறாள். இடையில் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டு பிழைப்பாளா என்று ஆகிவிட, ‘என் பிள்ளையைத் தந்தால் இந்தக் குட்டியைக் கோயிலுக்குத் தருகிறேன் ஆண்டவரே’ என்று அம்மா பொருத்தனை பண்ணி, அதாவது நேர்ந்து, விடுகிறாள். பிள்ளை எழுந்து நடமாடுகிறது. குட்டியும் வளர்ந்துவிடுகிறது. கிறிஸ்துமஸ் வருகிறது. கார்த்திகை, மார்கழியில் பனையேறி வீட்டில் வருமானம் ஏது? பாளை வெளிவந்து பதநீர் இறங்கத் தை கழிய வேண்டும். அந்த வீட்டில் கொடுப்பதற்கென்று இருப்பது அந்த ஓர் ஆடுதான். பொருத்தனையை மீறவும் முடியவில்லை, பிள்ளை முகத்தைப் பார்க்கவும் முடியவில்லை. கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடிக்கொண்டு கீதபவனி பெட்ரோமாக்ஸ் விளக்கோடு தெருத் தெருவாக வரும் இரவில் ஆடு காணாமல் போகிறது. அது எங்கே கிடைத்தது, மறுநாள் கோயிலில் காணிக்கைப் பொருள்களை விடும் ஏலத்தில் அதை யார் எடுத்தார்கள் என்பதைத் திரையில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கதைக்கு வேர் வேதத்திலேயே இருக்கிறது. 2 சாமுவேல் 12-இல் நாத்தான் தாவீதுக்குச் சொன்ன உவமையில் வருகிற தரித்திரனின் ஆட்டுக்குட்டி, “அவன் மடியிலே படுத்துக்கொண்டு, அவனுக்கு ஒரு மகளைப்போல இருந்தது” என்று வாசிக்கிறோம். படத்துக்கு ‘ஒரு மகளைப்போல’ என்றே பெயர் வைத்திருக்கிறோம். பெயரைச் சொன்னவர் நம் ஓய்வுநாள் பள்ளி ஆசிரியை ஒருவர்.

கோயில் பணத்தில் கார்ட்டூனா, இயேசு பாலன் பிறந்த கதைக்குள் நம் ஊர் ஆட்டுக்கு என்ன வேலை என்று சிலர் அரசல் புரசலாகப் பேசுவது எங்கள் காதுக்கும் வந்தது. பெரியவர்கள் கேட்கிற கேள்வி. மரியாதையாகவே பதில் சொல்கிறோம். கோயில் பொதுப் பணத்திலிருந்து ஒரு பைசாவும் எடுக்கவில்லை. எல்லாம் இதற்கென்று தனியாக வந்த காணிக்கை. இரண்டாவது, லூக்கா இரண்டாம் அதிகாரத்தில் முன்னணை, அதாவது தீவனத் தொட்டி, உண்டு. மாடும் கழுதையும் கிடையாது. குடிலில் நாம் வருஷாவருஷம் வைக்கிற மாடும் கழுதையும் “மாடு தன் எஜமானையும், கழுதை தன் ஆண்டவனின் முன்னணையையும் அறியும்” என்ற ஏசாயா 1:3 வசனத்திலிருந்து வந்து சேர்ந்தவை. 1223-இல் இத்தாலியில் கிரெச்சியோ என்ற மலையூரில் அசிசி பிரான்சிஸ் கிறிஸ்துமஸ் இரவு ஆராதனைக்கு உயிருள்ள மாட்டையும் கழுதையையும் கொண்டுவந்து நிறுத்தினார். அவர் அந்த ஊர் எளிய ஜனங்களுக்குத் தெரிந்த மிருகத்தைத்தான் முன்னணைக்குப் பக்கத்தில் நிறுத்தினார். நம் தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியாரோ பெத்லகேமைக் குறவஞ்சியாகவே, குறத்தி குறி சொல்லும் நம் நாட்டு நாடகப் பாட்டாகவே, பாடிவிட்டார். நம் பிள்ளைகள் இன்றைக்கு டிவியிலும் போனிலும் பார்க்கிற கிறிஸ்துமஸ் படங்களில் பனி கொட்டுகிறது, கலைமான் ஓடுகிறது. செம்மண் தேரியும் பனங்காடும் வருகிற ஒரு படமாவது அவர்களுக்கு வேண்டாமா?

ஆடு நம் ஆடாக இருக்க வேண்டும் என்பதில் பிடிவாதமாகவே இருந்தோம். முதலில் வந்த ஓவியத்தில் இருந்தது ஏதோ வெளிநாட்டு மலையாடு. நீண்ட தாடி, பின்னால் வளைந்த பெரிய கொம்பு. படம் வரைகிற தம்பிகள் இருவரையும் ஆட்டுக்கிடைக்கே கூட்டிப்போய்க் கன்னி ஆட்டைக் காட்டினோம். உடம்பெல்லாம் கறுப்பு. கொம்படியிலிருந்து மூக்கு வரைக்கும் முகத்தின் இரண்டு பக்கமும் இறங்குகிற இரண்டு வெள்ளைக் கோடு, அடிவயிறும் கால்களின் உள்பக்கமும் வெளுப்பு. பால்கன்னி என்று நாம் சொல்வது இதைத்தான். கோடு செந்நிறமாக இருந்தால் செங்கன்னி. அன்று மாலை வரை அவர்கள் கிடையிலேயே உட்கார்ந்து, குட்டி முழங்காலை மடக்கிப் பால் குடிப்பதையும் வாலை ஆட்டுவதையும் நோட்டில் போட்டுக்கொண்டார்கள். படத்தில் கேட்கப்போகிற குட்டியின் சத்தமும் அதே கிடையில் பதிவு செய்ததுதான்.

ஒன்பது நிமிடப் படத்துக்கு இவ்வளவு பணமா என்று கேட்கிறவர்களுக்கு: ஒரு விநாடிக்கு 24 படச்சட்டம் ஓடுகிறது. ஒரே ஓவியத்தை இரண்டு சட்டத்துக்கு வைத்தாலும் விநாடிக்கு 12 ஓவியம் வேண்டும். ஒன்பது நிமிடம் என்றால் 540 விநாடி, 6,480 ஓவியம். எஸ்தர் ஒரு பக்கம், ஆடு ஒரு பக்கம் அசைந்தால் இரண்டுக்கும் தனித்தனியே வரைய வேண்டும். கம்ப்யூட்டர் தானாக வரைந்துவிடும் என்று நினைக்கிறவர்கள் ஒருநாள் ஸ்டூடியோவுக்கு வந்து பார்க்கலாம். பேனாவைப் பிடித்துக் கோடு கோடாக மனுஷர்தான் போடுகிறார்கள்.

கணக்கு இதுதான். ஸ்டோரிபோர்டும் (காட்சி வரிசை ஓவியங்கள்) அனிமேட்டிக்கும் (அவற்றை ஓடவிட்டுப் பார்க்கிற முன்மாதிரி) 90,000. அனிமேஷனும் வண்ணமும் நிமிடத்துக்கு 70,000 வீதம் ஒன்பது நிமிடத்துக்கு 6,30,000. பின்னணி ஓவியங்கள் 40-க்கு 1,20,000. இசையும் பாட்டும் 1,10,000. டப்பிங்கும் ஒலிக்கலவையும் 65,000. திரை, ப்ரொஜெக்டர், ஒலிபெருக்கி வாடகை 45,000. ஆக மொத்தம் 10,60,000 ரூபாய். இதுவரை வந்தது 7,40,000; அது முழுவதும் செலுத்தியாகிவிட்டது, ரசீதுகள் ஆலய அலுவலகத்தில் இருக்கின்றன. இனி வேண்டியது மூன்று நிமிடத்துக்கு 2,10,000, ஒலிக்கு 65,000, திரையிடலுக்கு 45,000. டப்பிங்கில் பேசுகிறவர்கள் நம் பிள்ளைகள், அவர்களுக்குக் கூலி இல்லை. எஸ்தருக்குக் குரல் கொடுக்கிற பிள்ளை வசனத்தை மனப்பாடம் பண்ணிவிட்டு எப்போது கூப்பிடுவீர்கள் என்று ஞாயிறுதோறும் கேட்கிறாள்.

தந்தவர்களை நினைக்காமல் இருக்க முடியாது. மும்பையில் இருக்கிற நம் குடும்பங்கள் தங்களுக்குள் சேர்த்து 1,85,000 அனுப்பினார்கள். அங்கே வாடகை வீட்டில் இருந்துகொண்டு, ஊர்ப் பிள்ளைகளுக்கென்று முதல் ஆளாகக் கை கொடுத்தார்கள். பெண்கள் ஐக்கிய சங்கத்துத் தாய்மார் முறுக்கும் அதிரசமும் சுட்டு விற்று 62,000 சேர்த்தார்கள். அடுப்படியில் நின்ற ஒவ்வொருவருக்கும் நன்றி. ஓய்வுநாள் பள்ளி உண்டியலை உடைத்து எண்ணினபோது 11,340 இருந்தது, பாதிக்கு மேல் சில்லறை. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தன் ஒரு மாதப் பென்ஷனை அப்படியே உறையில் போட்டுக் கொடுத்து, பெயரைப் படிக்கக் கூடாது என்றார். அவர் சொல்லை மதிக்கிறோம். கருப்பட்டி வியாபாரம் செய்கிற சகோதரர் இரண்டு சிப்பம் கருப்பட்டியை ஏலத்துக்குக் கொடுத்தார். எடுத்தவர் திருப்பிக் கொடுக்க, அது மூன்று தடவை ஏலம் போயிற்று. கிடைக்காரர் நம் சபையைச் சேர்ந்தவர் அல்ல. ஆனாலும் ஒரு நாள் முழுக்கத் தன் ஆடுகளை நிறுத்திக் காட்டினதற்குப் பணம் வாங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். அவர் வீட்டாருக்கு டிசம்பர் 24 அன்று முன்வரிசையில் நாற்காலி போட்டிருப்போம்.

கொடுத்தே வளர்ந்த வட்டாரம் நம் திருநெல்வேலி, தூத்துக்குடி வட்டாரம். கிறிஸ்தவர்களானதற்காகத் துன்புறுத்தப்பட்டு வீடுவாசலை விட்டு வந்தவர்களை உபதேசியார் தாவீது சுந்தரானந்தம் ஓரிடத்தில் குடியேற்ற, 1799-இல் முதலூர் உண்டாயிற்று. இடையன்குடி ஆலயத்தை மிஷனெரி கால்டுவெல் ஐயர் முப்பது வருஷத்துக்கு மேல் கட்டினார். 1880-இல்தான் பிரதிஷ்டை நடந்தது. மெஞ்ஞானபுரத்தில் 192 அடிக் கோபுரம் பனங்காட்டுக்கு மேலே எழும்பி நிற்கிறது. 1903-இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கினபோது, வெள்ளாளன்விளையில் பிறந்து பிற்காலத்தில் பிஷப்பான அசரியாவும் அவரோடு இருந்தவர்களும் வெளிநாட்டுப் பணம் வேண்டாம், நம் ஜனங்கள் கொடுப்பதே போதும் என்று தீர்மானித்துத் தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கலுக்கு மிஷனெரி அனுப்பினார்கள். அந்தப் பணம் எங்கிருந்து வந்தது? உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் போட்டுவிட்டுச் சமைத்தார்களே நம் பாட்டிமார், அந்தப் பிடியரிசியும் அதில் உண்டு. வீட்டில் அரிசி குறைவாக இருந்த நாளிலும் பானைக்குப் பிடி குறையவில்லை என்று நம் சபையின் மூத்த தாய்மார் இன்றும் சொல்வார்கள்.

அந்தப் பாட்டிமாரின் பேரப்பிள்ளைகளிடம்தான் கேட்கிறோம். சபைப் பதிவேட்டில் 380 குடும்பங்கள் இருக்கின்றன. கொடுத்தவை 160. மற்ற 220 குடும்பங்களும் வீட்டுக்கு 1,500 ரூபாய் கொடுத்தால் 3,30,000 ஆகிவிடுகிறது. மேலே வருகிற பத்தாயிரத்துக்குப் பிள்ளைகளுக்குக் கேக் வாங்கிவிடலாம். முடியாதவர்கள் இருக்கிறார்கள், எங்களுக்குத் தெரியும். அவர்கள் ஒன்றும் நினைத்துக்கொள்ள வேண்டாம், ஜெபித்துக்கொண்டால் போதும். முடிந்தும் முடியாதவர்போல் இருக்கிறவர்களிடம் ஒரு வார்த்தை. போன கிறிஸ்துமஸுக்கு ஒரு தெருவில் ஒரே ராத்திரியில் வெடித்த வெடிக்கு என்ன ஆயிற்று என்று மனதுக்குள் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

ஈஸ்டர் சமயத்தில் நடந்த கூட்டத்தில் எழுந்து நின்று தொகை சொல்லி, சபையார் கைதட்டின பிறகு இன்னும் செலுத்தாதவர்கள் 23 பேர். பெயரை வெளியிட மாட்டோம், அது நம் வழக்கமல்ல. “நீ நேர்ந்துகொண்டதைச் செய்யாமற்போவதைப்பார்க்கிலும், நேர்ந்துகொள்ளாதிருப்பதே நலம்” என்ற பிரசங்கி 5:5-ஐ மட்டும் நினைவூட்டுகிறோம். படத்தில் கைக்கு வருமானமில்லாத ஒரு பனையேறி வீட்டம்மா தன் பொருத்தனையை நினைத்து உறங்காமல் கிடக்கிறாள். அவளை வரைந்து முடிக்கவே உங்கள் பொருத்தனை வந்து சேர வேண்டியிருக்கிறது.

பணத்தைக் கமிட்டி உறுப்பினர் யாரிடமும் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளலாம். வங்கிக் கணக்கு எண்ணும் க்யூஆர் கோடும் ஆலய அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறது. வெளியூர்களில் இருப்பவர்கள் அந்தந்த ஊர்ப் பொறுப்பாளரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வேறு எந்த எண்ணுக்கும் அனுப்ப வேண்டாம். ஒரு நிமிடப் படத்துக்கான 70,000 ரூபாயைத் தனியாகவோ குடும்பமாகச் சேர்ந்தோ ஏற்கிறவர்களின் பெற்றோர் பெயர் படத்தின் முடிவில் ஞாபகார்த்தமாக வரும். நவம்பர் மாதத்து ஞாயிறுகளில் ஆராதனை முடிந்ததும் பொருளாளர் வாசல் வேப்பமரத்தடியில் மேஜை போட்டிருப்பார். வரவு செலவு நோட்டும் அங்கேயே இருக்கும், யாரும் புரட்டிப் பார்க்கலாம். முடிந்த ஆறு நிமிடத்தையும் லேப்டாப்பில் போட்டுக் காட்டுகிறோம். பிள்ளைகளையும் கூட்டி வாருங்கள்.

கர்த்தரின் பணியில்,
படக்குழுக் கமிட்டியார்
(சேகர குருவானவர் ஐயாவின் ஒப்புதலோடு)