கலங்கரை விளக்கம் நின்ற இடம்

அன்பு மகள் தேன்மொழிக்கு,

எகிப்தின் அலெக்சாண்டிரியாவிலிருந்து ஊர் வந்து சேர்ந்து நான்கு நாள் ஆகிறது. அம்மாவுக்குக் கால் வீக்கம் வடிந்துவிட்டது, கவலைப்படாதே. அன்றைக்குப் போனில், "கலங்கரை விளக்கமும் இல்லை, பழைய நூலகமும் இல்லை, அலெக்சாண்டரின் சமாதி எங்கே என்பதே தெரியாது என்கிறார்கள். நான்கு நாள் அங்கே என்னதான் பார்த்தீர்கள் அப்பா?" என்று கேட்டாய். நான் பதில் சொல்வதற்குள் சின்னவன் அழுதான், பேச்சு அறுந்துவிட்டது. ஏப்ரலில் பிள்ளைகளோடு நீயும் அலெக்சாண்டிரியா போகப்போகிறாய் என்பதால் முழுப் பதிலையும் எழுதிவிடுகிறேன்.

கெய்ரோவிலிருந்து ரயிலிலேயே போ. 200 கிலோமீட்டருக்குச் சற்று மேல், மூன்று மணி நேரத்துக்குள் போய்விடலாம். வழி நெடுக நைல் கழிமுகம்: வாய்க்கால், வரப்பு, வயலில் இறங்கும் கொக்கு. தென்னையை எடுத்துவிட்டுப் பேரீச்சையை நட்டால் நம் திருவையாற்றுப் பக்கம்தான் என்று அம்மா சொன்னாள்.

முதல் நாளே காயித்பே கோட்டைக்குப் போனோம். 31 ஆண்டுகள் கரும்பலகையில் நான் அங்கே நின்ற கலங்கரை விளக்கத்தை வரைந்திருக்கிறேன். கீழே சதுரம், நடுவே எண்கோணம், உச்சியில் வட்டம். கி.மு. 3ஆம் நூற்றாண்டில் எகிப்தை ஆண்ட தாலமி மன்னர்கள் கட்டியது, 100 மீட்டருக்கு மேல் உயரம் என்று பிள்ளைகளுக்குச் சொல்வேன், மணி அடிக்கும், ஏழு அதிசயங்களில் அடுத்ததற்குப் போய்விடுவேன். அது விழுந்த பிறகு என்ன ஆயிற்று என்று ஒரு நாளும் பாடம் நடத்தியதில்லை. அதைத்தான் அங்கே போய்ப் படித்தேன். அடுத்தடுத்து வந்த நிலநடுக்கங்கள் அதைச் சிதைத்தன. 1303இல் வந்தது மிகப் பெரியது. 1477இல் சுல்தான் காயித்பே அதே இடத்தில் கோட்டை கட்டத் தொடங்கியபோது, விழுந்து கிடந்த கற்களையும் எடுத்துச் சுவரில் வைத்துக் கட்டினார்கள். கடலில் விழுந்தவை கடலிலேயே இருக்கின்றன. 1994இல் பிரெஞ்சு தொல்லியலாளர்கள் கோட்டையை ஒட்டி நீருக்குள் இறங்கிப் பார்த்தபோது ஆயிரக்கணக்கான கற்களும் சிலைகளும் கிடந்தனவாம். ஆகவே விளக்கு இல்லை என்று சொல்லாதே. நான் கையை வைத்து நின்ற சுவருக்குள் எங்கோ அது இருக்கிறது. அதைத் தொட்டபோது எனக்குத் தொண்டை அடைத்தது. பெரியவளிடம் சுவரைக் காட்டி இந்தக் கதையைச் சொல். சின்னவனுக்குக் கதை வேண்டாம். மேல்மாடத்தில் ஓடவும், அலை வந்து மோதுவதைப் பார்க்கவும் விட்டுவிடு.

ஊருக்கு நடுவே கோம் எல் திக்கா. ரோமானிய அரங்கம் என்று எல்லோரும் அந்தப் பளிங்குப் படிகளில் நின்று படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். நீ அப்படிப் போய்விடாதே, அம்மாடி. பக்கத்திலேயே ஏறத்தாழ 20 வகுப்பறைகள் வரிசையாக இருக்கின்றன. 1960களில் போலந்து ஆய்வாளர்கள் தோண்டத் தொடங்கிய இடம் அது. மூன்று பக்கமும் மாணவர்களுக்குப் படிப்படியாகக் கல் இருக்கை, தலைப்பக்கத்தில் உயரமாக ஆசிரியருக்கு ஒன்று. கி.பி. 6ஆம் நூற்றாண்டு வாக்கில் அங்கே பாடம் நடந்திருக்கிறது. பழைய பெரிய நூலகம் அழிந்து எத்தனையோ காலத்துக்குப் பிறகும் இந்த ஊரில் யாரோ சொல்லிக்கொடுத்தார்கள், யாரோ உட்கார்ந்து கேட்டார்கள். அந்தக் கல் இருக்கைகளுக்கு எதிரே ஒரு மணி நேரம் நின்றேன். அம்மா ஒரு சொல்லும் சொல்லாமல் கூடவே இருந்தாள்.

ரோமானியத் தளபதி பாம்ப்பேயின் தூண் என்று ஒன்று காட்டுவார்கள். பெயர்தான் தவறு, அது ரோமானியப் பேரரசர் டயோகிளீஷியனுக்காக நட்ட தூண். அஸ்வான் சிவப்புக் கல், பார்க்க வேண்டியதுதான், ஆனால் அரை மணி போதும்.

அங்கிருந்து சற்றுத் தொலைவில் நிலத்தடிக் கல்லறை. கோம் எல் ஷுகாஃபா என்றால் ஓட்டாஞ்சில்லு மேடு என்று பொருள். இறந்தவர்களைப் பார்க்க வந்த உறவினர்கள் அங்கேயே உணவு உண்பார்கள். கல்லில் குடைந்த விருந்து அறையே இருக்கிறது. உண்ட பாத்திரங்களை வீட்டுக்குத் திரும்பக் கொண்டுபோக மாட்டார்கள், அங்கேயே உடைத்துப் போட்டுவிடுவார்கள். அதைக் கேட்டதும் அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். உன் தாத்தாவை எடுத்த அன்று சுடுகாட்டில் குடம் உடைந்த சத்தம் எங்கள் இருவருக்கும் நினைவுக்கு வந்தது. 1900இல் ஒரு கழுதை குழிக்குள் விழுந்ததால்தான் இந்த இடமே தெரியவந்ததாம். சுழல்படியில் ஏறத்தாழ 100 படி இறங்க வேண்டும். அம்மாவின் கால் வீங்கியது இதனால்தான். உள்ளே எகிப்தியரின் நரித்தலைக் கடவுள் அனுபிஸ், ரோமானியப் படைவீரனின் கவசம் அணிந்து நிற்கிறார். சின்னவன் பயந்தால் தூக்கிக்கொள்.

சாப்பாட்டுக்குக் குறையே இல்லை. வெள்ளிக்கிழமை அம்மாவுக்காக ஃபூல். மொச்சை போன்ற பயற்றை இரவெல்லாம் வேகவிட்டு, எண்ணெய், சீரகம், எலுமிச்சை சேர்த்து ரொட்டியோடு தருகிறார்கள். தாமியா நம் மசால் வடைக்குத் தங்கை. மறுநாள் மீன், நாமே பொறுக்கிக் கொடுத்தால் கோதுமைத் தவிட்டில் புரட்டிச் சுட்டுத் தருவார்கள். பிள்ளைகளுக்குக் கொடு, முள் பார்த்து.

மாலை முழுவதும் கோர்னீஷ் என்னும் கடற்கரைச் சாலைக்கு ஒதுக்கு. தூண்டில் போடுகிறவர்கள், சோளம் சுடுகிறவர்கள், குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருக்கிறவர்கள். நாங்கள் கிழக்குத் துறைமுகத்துக்கு எதிரே உட்கார்ந்து சேரர் துறைமுகமான முசிறியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். பொன்னோடு வந்து மிளகோடு திரும்பிய யவனர் கப்பலை அகநானூற்றில் படித்தாயே, அந்தச் சரக்கு செங்கடல் கரையில் இறங்கி, ஒட்டகத்தில் பாலைவனம் கடந்து, நைலில் படகேறி இந்த ஊருக்குத்தான் வந்தது. நாலில் ஒரு பங்கு சுங்கம். அந்த வணிகத்துக்கான கி.பி. 2ஆம் நூற்றாண்டுக் கடன் ஒப்பந்தம் ஒன்று பாப்பிரஸ் தாளில் கிடைத்திருக்கிறது. தாளின் மறுபக்கத்தில் ஹெர்மபொலோன் என்ற கப்பலின் சரக்குக் கணக்கு, அதில் யானைத் தந்தமும் உண்டு. அந்தத் தாள் இருப்பது நீ குடியிருக்கும் வியன்னாவில், ஆஸ்திரிய தேசிய நூலகத்தின் சேகரிப்பில். நீ அங்கே வேலைக்குப் போன நாளிலிருந்து இதைச் சொல்ல வேண்டும் என்றிருந்தேன்.

நாங்கள் போனது நவம்பர். மாரிக்காலப் புயல் ஒவ்வொன்றுக்கும் அவ்வூர் மீனவர்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். எங்களைப் பிடித்தது மக்னசா, அதாவது துடைப்பம். பெயருக்கேற்றபடி கோர்னீஷைப் பெருக்கித் தள்ளியது. ஏப்ரலில் உங்களுக்கு மழை இருக்காது, கம்சீன் என்னும் புழுதிக் காற்று வரலாம். பிள்ளைகளுக்குத் தலைக்குத் துணி எடுத்துக்கொள்.

அந்தப் புயல் நாளை நூலகத்தில் கழித்தோம். 2002இல் திறந்த புதிய நூலகம். பழையது நின்றதாகக் கருதப்படும் பகுதிக்கு அருகிலேயே, கடலைப் பார்த்துச் சரிந்த வட்டக் கூரையோடு கட்டியிருக்கிறார்கள். உள்ளே அடுக்கடுக்காக இறங்கும் வாசிப்புக்கூடம், கல்லூரிப் பிள்ளைகள் தலை நிமிராமல் படித்துக்கொண்டிருந்தார்கள். வெளியே அஸ்வான் கல்லால் ஆன பெரிய வளைந்த சுவர். உலகத்தின் 120 எழுத்துமுறைகளிலிருந்து எழுத்துகளைப் பொறித்திருக்கிறார்கள். மழை சற்று விட்டதும் அம்மா நம் எழுத்து எங்கே என்று ஒவ்வொரு கல்லாகப் பார்த்துக்கொண்டே நடந்தாள். நான் மேல் வரிசை, அவள் கீழ் வரிசை. பாதிச் சுவர் முடிவதற்குள் மழை திரும்பப் பிடித்துக்கொண்டது. எந்த இடத்தில் நிறுத்தினோம் என்று அம்மா தன் சிறு குறிப்பேட்டில் படம் போட்டு வைத்திருக்கிறாள். அந்தத் தாளைக் கிழித்து இதோடு அனுப்புகிறேன். பெரியவளை அங்கிருந்து தேடத் தொடங்கச் சொல். கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அன்றே போன் செய், எந்நேரமானாலும் எடுப்போம்.

அன்புடன்,
அப்பா