கார்த்திக்கு, அப்பா எழுதுவது

அன்பு மகன் கார்த்திக்கு,

இங்கு எல்லோரும் நலம். நீ அனுப்பிய பணம் வந்து சேர்ந்தது. போன மாதத்தைப்போல் இரண்டு மடங்கு இருக்கிறதே என்று அம்மா கேட்டாள். ஓவர்டைம் பார்த்திருப்பான் என்று சொல்லிவைத்தேன். இந்த மீன்பிடித் தடைக்காலத்தில், விசைப்படகெல்லாம் 61 நாள் கரையில் கிடக்கும்போது, ஐஸ் கம்பெனியில் என்ன ஓவர்டைம் என்று அவளுக்குக் கேட்கத் தோன்றவில்லை. எனக்குத்தான் தோன்றியது. நாட்டுப்படகுக்காரர்கள் வாங்குவார்கள், கேரளா லாரி வரும். இருக்கலாம்.

போனில் பேசினால் சிக்னல் இல்லை என்கிறாய். அதனால் எழுதுகிறேன். ஆற அமரப் படி.

மேலத்தெரு மாமா போன வாரம் ராத்திரி வேதாளைக் கரையில் உன்னைப் பார்த்ததாகச் சொன்னார். தூத்துக்குடியில் இருக்கிறவன் வேதாளை வரைக்கும் வந்துவிட்டு வீட்டுக்கு வராமல் போவானா, வேறு யாராவது உன் ஜாடையில் இருந்திருப்பான் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவருக்குக் கண்ணில் புரை வேறு.

அம்மா இன்னும் கடல்பாசி எடுக்கப் போகிறாள். வேண்டாம் என்றால் கேட்பதில்லை. மரிக்கொழுந்துப் பாசி பாறையை விட்டு வராது, பிய்த்துத்தான் எடுக்க வேண்டும். விரல் விரலாகத் துணி சுற்றிக்கொண்டு முங்குகிறாள், அப்படியும் நகக்கண் கிழிகிறது. 1986இல் மன்னார் வளைகுடாவின் 21 தீவையும் தேசியப் பூங்கா என்று அறிவித்ததிலிருந்து முள்ளித் தீவு, வாழைத் தீவுப் பக்கம் போனாலே விரட்டல்தான். அவளுடைய அம்மா கூலி வாங்கிய கடலில் இவள் ஒளிந்து வேலை பார்க்கிறாள். பாசி எடுக்கிற பெண்கள் கடலை அழிக்கிறார்கள் என்று சொல்கிறவர் யாரும் விசைப்படகின் இழுவை வலை போன தடத்தைத் தண்ணீருக்குள் இறங்கிப் பார்த்ததில்லை.

சரி, அது கிடக்கட்டும். போன தடவை பேசும்போது பின்கட்டில் கிடக்கிற பெரிய அண்டாவைக் கேட்டாய். ஏன் கேட்டாய் என்று அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும். அதன் அடி ஓட்டை. பழைய பாத்திரக்காரனிடம் போட்டுவிட்டேன். அது இப்போது இல்லை.

அந்த அண்டாவில் என்ன வேகும் என்று உனக்குத் தெரியும். உயிரோடு வந்த வெள்ளைக் கடல் அட்டையைக் கீறிக் குடலை எடுத்துவிட்டு அவிப்போம். கொதி வந்ததும் ரப்பர் பந்துபோல் சுருண்டுகொள்ளும். அப்புறம் ஈர மணலில் ஒரு ராத்திரி புதைத்துவைத்து, காலையில் எடுத்து மேல்தோலைத் தேய்த்துக் கழுவி, மறுபடி அவித்து, காயப்போட வேண்டும். நன்றாகக் காய்ந்ததை ஒன்றோடு ஒன்று தட்டினால் கட்டைச் சத்தம் கேட்கும். அந்த வாடை எத்தனை குளித்தாலும் கையை விட்டுப் போகாது. சிங்கப்பூருக்கும் ஹாங்காங்குக்கும் போகும் சரக்கு. வெளிச்சத்தில் செய்த தொழில் அது, தெருவே செய்தது.

2001இல் தடை வந்தது. நீ பிறந்த வருஷம். வனவிலங்குச் சட்டத்தில் புலி, யானை இருக்கிற முதல் அட்டவணையில் கடல் அட்டையையும் சேர்த்துவிட்டார்கள். உன்னை ஆஸ்பத்திரியிலிருந்து தூக்கி வந்த அன்று திண்ணையில் இரண்டு மூட்டை காய்ந்த சரக்கு கிடந்தது. நேற்று வரை முன்பணம் கொடுத்த வியாபாரி இன்றைக்கு எங்கள் தெருப்பக்கமே வரவில்லை. அட்டை குறைந்துவிட்டது என்றார்கள், அது பொய்யில்லை. ஆனால் குறைந்ததற்கு அளவு வைக்கலாம், மாதம் வைக்கலாம், வளர்க்கச் சொல்லித் தரலாம். தூத்துக்குடியிலேயே மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தார் 1988இல் வெள்ளை அட்டைக் குஞ்சு பொரிக்கவைத்துக் காட்டினார்கள். அக்கரையில் யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் அனுமதி வாங்கிப் பண்ணை வைத்து வளர்க்கிறார்கள். இங்கே கையில் வைத்திருந்தால் ஜெயில், அங்கே கரையேறினால் ஏற்றுமதிச் சரக்கு. இந்த இடைவெளியில்தான் சிலர் வீடு கட்டிவிட்டார்கள்.

அவர்கள் யாரும் முங்குவதில்லை, படகில் ஏறுவதுமில்லை. ஏறுகிறவன் உன் வயசுப் பையன். பிடிபட்டால் குறைந்தது 3 வருஷம், 7 வருஷம் வரைக்கும் போகும். பெரியப்பா விஷயத்தில் வக்கீலுக்கு நடந்து நடந்து என்ன ஆனது என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. சரக்கு யாருடையது என்று கடைசி வரை அவர் வாயைத் திறக்கவில்லை. அந்த ஆளும் ஒரு நாள்கூட வந்து பார்க்கவில்லை.

இதை எதற்கு உனக்கு எழுதுகிறேன் என்று கேட்பாய். சும்மாதான். ஊரில் பையன்கள் திடீரென்று புது பைக்கில் போகிறார்கள், அதனால் சொன்னேன். நீ அப்படிப்பட்டவன் இல்லை. பாலிடெக்னிக் முடித்த முதல் பையன் நம் தெருவில் நீதான், இன்றைக்கும் உன்னைச் சொல்லித்தான் மற்ற பிள்ளைகளை அதட்டுகிறார்கள். ஆனால் பொங்கலுக்கு வந்தபோது என் முகத்தைப் பார்த்து நீ பேசவில்லை. அம்மாவிடமும் சரியாகப் பேசவில்லை. ராத்திரியில் கடற்கரைப் பக்கம் போகாதே. தெரியாத ஆள் படகுக்குக் கூப்பிட்டால் போகாதே, தெரிந்த ஆள் கூப்பிட்டாலும் போகாதே.

எனக்கு நண்டு வலை போதும். தடைக்காலத்தில் வள்ளத்துக்குத் தடை இல்லை, ஏதோ விழுகிறது. இஞ்சின்தான் படுத்துகிறது. இந்த மாதம் பணம் அனுப்ப வேண்டாம். அனுப்பியதை அம்மா தொடாமல் வைத்திருக்கிறாள், நான்தான் வைக்கச் சொன்னேன்.

இஞ்சினுக்குச் சங்கத்தில் கடன் கேட்டிருக்கிறேன். வீட்டில் சம்பாதிக்கிறவர்களின் சம்பளச் சீட்டு வேண்டும் என்கிறார்கள். ஐஸ் கம்பெனியில் கொடுப்பார்கள் அல்லவா, கடைசி மூன்று மாதத்துக்கு வாங்கிப் படம் எடுத்து அக்கா போனுக்கு அனுப்பு. கம்பெனி சீல் தெளிவாகத் தெரியட்டும்.

இப்படிக்கு
அப்பா