தண்ணி காட்டும் நேரத்துக்கு வாருங்கள்

மாடுகளின் நலனை மதிப்பிடப் படிவம் தயாரிக்கிற கால்நடை மருத்துவர்களுக்கும், அந்தப் படிவத்தோடு எங்கள் கட்டுத்தரைக்கு வருகிற அலுவலர்களுக்கும் வணக்கம்.

ஈரோடு மாவட்டத்தில் இரண்டு கறவை மாடு வைத்திருக்கிறவள் நான். செவலை ஜெர்சி கலப்பு, கறுப்பி எச்.எஃப். (ஹோல்ஸ்டீன் ஃப்ரீசியன்) கலப்பு. இரண்டு வேளையும் பால் சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிறேன். போன கோடையில் உங்களைப் போல ஒருவர் வந்தார். எந்த அலுவலகம் என்பது வேண்டாம். முதல் நாளே போன் வந்துவிட்டதால் சாணி வழித்து, தரை கழுவி, மாட்டையும் குளிப்பாட்டி வைத்திருந்தேன். காலை பத்தரைக்கு வந்தார். கூரை ஓடா, ஷீட்டா? மின்விசிறி உண்டா? மாடு படுக்க ரப்பர் பாய் உண்டா? எருக்குழி எவ்வளவு தள்ளி? செல்போனில் டிக் அடித்துக்கொண்டே போனார். காதுவில்லையின் 12 இலக்க எண்ணையும் சரிபார்த்தார். மாட்டின் பின்பக்கம் மட்டும் போகவே இல்லை.

பக்கத்துத் தோட்டத்தில் ரப்பர் பாய் இருக்கிறது. சுருட்டி மூலையில் போட்டு, அதன் மேல் கோழி அடைகிறது. பாய்க்கு அவர்களுக்கு மார்க் கிடைத்தது. என் மாடுகள் பகலில் வேப்பமரத்தடி மண்ணில் படுக்கின்றன. வேப்பமரத்துக்குப் படிவத்தில் கட்டம் இல்லை. வயிற்றெரிச்சலில் எழுதுகிறாள் என்று நினைத்தால், கொஞ்சம் அதுவும்தான்.

ஐரோப்பாவில் 2009இல் வந்த ‘வெல்ஃபேர் குவாலிட்டி’ என்ற முறையில் கொட்டகையைவிட மாட்டின் உடம்பைத்தான் அதிகம் பார்க்கிறார்களாம். இளைத்திருக்கிறதா, முட்டியில் முடி தேய்ந்து வீங்கியிருக்கிறதா, நடை கோணுகிறதா என்று. அதில் ஒரு சோதனை எனக்குப் பிடித்துப்போனது. மாட்டுக்கு எதிரே இரண்டு மீட்டர் தள்ளி நின்று, கையை நீட்டியபடி நொடிக்கு ஓர் எட்டு வைத்துக் கிட்டே போக வேண்டும். தொட விடுகிறதா, எவ்வளவு தூரத்தில் விலகுகிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். வீட்டில் செய்து பார்த்தோம். என் கையைச் செவலை நக்கியது. என் வீட்டுக்காரர் போனபோது மூன்றடி இருக்கையிலேயே தலையை வெடுக்கென்று திருப்பிக்கொண்டது. மூக்கணாங்கயிற்றைச் சுண்டி இழுக்கிற கை அவருடையதுதானே. அன்றைக்குச் சோறு போடும்போதுகூட அவர் பேசவில்லை.

பிள்ளை மாதிரி வளர்க்கிறோம் என்று நாங்கள் எல்லோரும்தான் சொல்வோம். அதைக் கேட்டு மார்க் போட்டுவிடாதீர்கள். கயிற்றை அளந்து பாருங்கள். கறுப்பியின் கயிறு மூன்றடிதான் இருந்தது. படுத்தால் தலையை விலாப் பக்கம் மடக்கிவைக்க அதனால் முடியவில்லை. நாலு வருசமாகப் பால் கறக்கிற எனக்கே அது அளந்த பிறகுதான் கண்ணில் பட்டது. நியாயமில்லாத அளவுக்குக் குட்டையான கயிற்றில் நெடுநேரம் கட்டிவைப்பது வதை என்று 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டமே சொல்கிறது. எத்தனை அடி என்று அதில் இல்லை, நீங்கள் எழுதலாம். கட்டி நிற்கிற மாடு நொண்டுவதும் தெரியாது. அவிழ்த்து இருபது எட்டு நடத்திப் பாருங்கள்.

அடுத்தது தண்ணீர். எங்கள் பக்கம் மாட்டுக்குத் தண்ணி ‘காட்டுவோம்’. காலையில் ஒரு தடவை, பொழுது சாய ஒரு தடவை. நடுவில் எவ்வளவு தாகம் எடுத்தாலும் நாங்கள் காட்டினால்தான் உண்டு. (ஏமாற்றிவிட்டுப் போகிறவனையும் ‘தண்ணி காட்டிவிட்டான்’ என்கிறோம், பொருத்தம்தான்.) பாலில் 100க்கு 87 பங்கு தண்ணீர். சொசைட்டியில் கொழுப்புக்கும் இதர சத்துக்கும் கணக்குப் பார்த்துக் காசு தருகிறார்கள். அந்த 87 பங்கைப் பற்றி யாரும் கேட்பதில்லை. இப்போது தொட்டியை எந்நேரமும் நிறைத்து வைக்கிறேன். மத்தியானம் ஒரு மணிக்கு இரண்டும் போட்டி போட்டுக் குடிக்கின்றன. இத்தனை வருசம் அந்த ஒரு மணியை எப்படிக் கழித்தனவோ. உங்கள் படிவத்தில் ‘குடிநீர் வசதி உண்டா’ என்று கேட்டிருந்தது. உண்டு என்றேன். போர்வெல் இருக்கிறதே!

காளைக்கன்று எங்கே என்றும் கேளுங்கள். உழவு டிராக்டருக்குப் போன பிறகு கலப்பினக் காளைக்கன்றுக்கு வேலை இல்லை. சீம்பால் முடிந்த கையோடு பல வீடுகளில் அது கைமாறிவிடும். எங்கள் வீட்டிலும் ஒன்று அப்படிப் போயிருக்கிறது. அதற்கும் கட்டம் கிடையாது.

மார்க்கை மானியத்தோடு முடிச்சுப் போட வேண்டாம். போட்டால் ஊரே ரப்பர் பாய் வாங்கிச் சுருட்டி வைக்கும். கண்டதை அந்தந்த வீட்டுக்காரரிடம் அங்கேயே சொல்லிவிட்டுப் போங்கள், திருத்திக்கொள்வோம்.

சித்திரையில் வாருங்கள், மத்தியானம் இரண்டு மணிக்கு, போன் பண்ணாமல். கறுப்பியின் விலா ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் நின்று எண்ணுங்கள். 60ஐத் தாண்டினால் வெயில் அதை வாட்டுகிறது. முன்பு தண்ணி காட்டிய பழைய வாளி தொட்டிக்குப் பக்கத்தில்தான் கிடக்கும். எத்தனை லிட்டர் பிடிக்கும் என்று அளந்துகொள்ளுங்கள்.

இப்படிக்கு,
இரண்டு மாட்டுக்காரி