பட்டியல் சரி, நேரம் எங்கே?

ஆசிரியருக்கு வணக்கம்.

சர்க்கரை நோய் பற்றி உங்கள் பத்திரிகையில் கட்டுரை வந்தாலே கூடவே ஒரு பட்டியலும் வந்துவிடுகிறது, இதைச் சாப்பிடலாம், இதைத் தொடக்கூடாது என்று. அதை வெட்டி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்தவன் நான். இனிப்பை அடியோடு விட்டேன். ஆனாலும் வெறும் வயிற்றுச் சர்க்கரை 140க்குக் கீழே இறங்குவேனா என்று அடம்பிடித்தது.

டாக்டர் என் பட்டியலைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ராத்திரி எத்தனை மணிக்குச் சாப்பிடுறீங்க?" என்றார். பதினொன்று, சில நாள் பதினொன்றரை. அதுவும் பகலில் வேலை மும்முரத்தில் விட்ட சாப்பாட்டுக்கெல்லாம் சேர்த்து ஒரு பிடி பிடித்துவிட்டு, கை ஈரம் காய்வதற்குள் படுக்கை. ராத்திரி ஏற ஏற, ரத்தத்தில் சர்க்கரையைக் குறைக்கும் இன்சுலினின் வேலை மந்தமாகிவிடுமாம், தூக்கத்துக்காகச் சுரக்கும் மெலடோனின் அதை இன்னும் அடக்கிவைக்கும், அதனால் காலையில் சாப்பிடும் அதே அளவு ராத்திரியில் சர்க்கரையைக் கூடுதலாக ஏற்றும் என்று விளக்கினார்.

எட்டு மணிக்குள் சாப்பிட்டு முடித்தேன், அளவும் குறைந்தது. அப்புறம் தட்டில் வரிசையை மாற்றினேன்: முதலில் காய்கறி, பிறகு பருப்போ முட்டையோ, மாவுச்சத்து கடைசியில். சாப்பாடு என்னவோ அதேதான், ஆனால் சர்க்கரை சட்டென்று எகிறுவதில்லை. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 7.9இலிருந்து 7.1க்கு வந்தது, மாத்திரை மாறாமலே.

என்னோடு பதினொன்றுக்குச் சாப்பிட்டுக்கொண்டிருந்த மகனுக்கும் சும்மா பார்த்தோம். வெறும் வயிற்றில் 112. 100 முதல் 125 வரை என்றால் சர்க்கரை நோயின் விளிம்பில் நிற்கிறான் என்று அர்த்தம். இப்படி விளிம்பில் இருந்தவர்களை வைத்து அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வு 2002இல் வெளியானது. உணவை மாற்றி, வாரம் 150 நிமிடம் உடற்பயிற்சி செய்து, எடையில் 7 சதவீதம் குறைக்கப் பார்த்தவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு 58 சதவீதம் குறைந்தது, மெட்ஃபார்மின் மாத்திரை எடுத்தவர்களுக்கு 31தான். (மகனிடம் இதைச் சொன்னால் போனிலிருந்து தலையைத் தூக்க மாட்டான், அது வேறு கதை.)

நேரம் முக்கியம் என்றதும் ஒருவேளைச் சாப்பாட்டையே தூக்கிவிடலாம் என்று கிளம்புகிறவர்களும் உண்டு. இன்சுலினோ, உடம்பில் இன்சுலினைக் கூடுதலாகச் சுரக்கவைக்கும் சல்ஃபோனைல்யூரியா வகை மாத்திரையோ எடுப்பவர்களுக்கு அது ஆபத்து. என்னோடு வேலை பார்ப்பவர் ஒருநாள் மாத்திரை போட்டுவிட்டு மதியச் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டார். சட்டை நனைய வியர்த்து, கை நடுங்கி, கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னார். சர்க்கரை 70க்குக் கீழே போயிருந்தது. 15 கிராம் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்த்த பிறகுதான் எங்களுக்கு மூச்சு வந்தது.

அடுத்த முறை பட்டியல் போடும்போது பக்கத்திலேயே நேரத்தையும் போடுங்கள், மருந்து எடுப்பவர்கள் டாக்டரிடம் கேட்காமல் வேளையை மாற்றக்கூடாது என்பதைக் கொஞ்சம் பெரிய எழுத்தில்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்